மந்தைவெளிச் சுவரில் மலைக் காசித்தும்பை

ராசா,

முதலில் சேதி. நலமா, சாப்பிட்டாயா என்பதெல்லாம் பிறகு. விதை கிடைத்துவிட்டது. பூத்ததை நீ போனில் பார்த்தாய், காய் பிடித்ததையும் பார்த்தாய். "காய் வெடிச்சதும் விதை எங்க தெறிச்சுதுன்னே தெரியாதும்மா, ரொம்ப ஆசப்படாத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நான் ஆசைப்பட்டேன், பிடித்தும் விட்டேன். இந்தப் பார்சலுக்குள் பிரஸ் பட்டன் வருகிற சின்னத் தகர டப்பா ஒன்று இருக்கும். அதற்குள் மல் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். ஜன்னலைச் சாத்திவிட்டு, தும்மல் ஏதும் பாக்கி இருந்தால் தும்மி முடித்துவிட்டு, அப்புறம் திற.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவில் பேசுவாய். நான் சொல்லப் போவது உன்னை நடுவில் பேசவிடாமல் சொல்ல வேண்டிய விஷயம். கார்த்திகையில் ஒரு சாயங்காலம், தி. நகர்க் கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரத்தில், கூடலூரிலிருந்து கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, போதும்மா. நான் கீழ வந்துடறேன். இனிமே கடைய நான் பாத்துக்கட்டா?" என்றாய். பொங்கல் கழியட்டும், பதில் சொல்கிறேன் என்றேன். பொங்கல் கழிந்து மாசியும் பிறந்துவிட்டது. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். வாடிக்கைக்காரி எப்போதோ கொண்டுவந்த புடவையின் முந்தானை நிறத்தைக்கூட மறக்காதவள் உன் அம்மா. இந்த விதைக்காகத்தான் காத்திருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். நீ அப்படிக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. நீ கல்லூரியில் தாவரவியல் எடுத்த நாளிலிருந்து, இந்தப் பையன் என்றைக்காவது செடி கொடியெல்லாம் சலித்துப்போய் வந்து நம் ஜாக்கெட் துணி மேட்சிங் கடைக் கல்லாவில் உட்கார மாட்டானா என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. மாடவீதி கடைக்காரர்களுக்கே என் அர்ச்சனைத் தட்டு மனப்பாடம். அப்படிப்பட்டவளிடம் நீயே வந்து கேட்கிறாய். ஆனால் ராசா, அந்தக் குரல் வேலையை விட்டுவருகிறவன் குரலாக இல்லை, அடிபட்டு வருகிறவன் குரலாக இருந்தது. அன்றைக்குப் பில் போடும்போது இரண்டு பேருக்குத் தப்பாகப் போட்டேன்.

அந்தப் பூவை நான் முதன்முதலில் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். நீ மலைக் காடு மீட்கும் வேலையில் சேர்ந்த புதிது. ஆடித் தள்ளுபடி ஓய்ந்த கையோடு, ஆவணியில் நானும் அப்பாவும் கூடலூருக்கு வந்திருந்தோம். மழை பெய்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி ஒரு தூறல். சாலையோரப் பாறை ஒன்றின் முன்னால் எங்களை நிறுத்தி, "குனிஞ்சு பாரும்மா" என்றாய். என் மூட்டுக்குக் குனிவது என்ன சாமானியமா. குனிந்தால், பாசி படிந்த பாறையில் குட்டி வெற்றிலை மாதிரி இலைகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. தண்டே கிடையாது. இலைகளுக்கு நடுவிலிருந்து நூல் போல ஒரு காம்பு, சாண் உயரம்கூட இல்லை, அதன் நுனியில் ரோஸ் நிறத்தில் பூ, பூவுக்குப் பின்னால் நீளமாக ஒரு வால். நம் வீடுகளில் தொட்டியில் வைக்கிற காசித்தும்பைக்கு இது மலையில் இருக்கிற சொந்தம் என்றாய். "மண்ணே இல்லியே, எதத் தின்னு வளருது?" என்று கேட்டேன். "பட்டினி கெடந்துதாம்மா வளருது" என்றாய். விரற்கடை மண், நிற்காமல் வழிந்து ஓடுகிற தண்ணீர், ஓயாத காற்று, மேகம் மூடிய வெளிச்சம், இவ்வளவுதான் அதற்குச் சொத்து. மழைக்காலம் முடிந்தால் இலையும் பூவும் மடிந்துவிடும், சின்னக் கிழங்கு மட்டும் அடுத்த மழை வரைக்கும் பாசிக்கடியில் தூங்கும். மற்ற இடங்களில் பூக்கிறதற்கு இல்லாத ஒரு வெள்ளைக் கீற்று இந்தப் பாறைக் கூட்டத்தின் பூவுக்கு மட்டும் நடுவில் இருக்கிறது, வேறெங்கும் நீ பார்த்ததில்லை என்றும் சொன்னாய். அப்போது உன் முகத்தில் இருந்த பெருமையை நம் கடையில் ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

கடையில் நீ எப்படி இருந்தாய் என்பதைத்தான் ஊரே அறியுமே. பத்தாவது பரீட்சை எழுதிய லீவில், கல்யாண சீசனுக்கு ஆள் போதவில்லை என்று உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மாம்பழக் கலர்ப் பட்டுப் புடவையோடு ஓர் அம்மா வந்தார். நான் காட்டிய துணி அவருக்குப் பிடித்துவிட்டது, கிழிக்கப் போகிறேன். நீ பக்கத்தில் நின்றுகொண்டு, "இது மேட்ச் ஆகல ஆன்ட்டி, இதுல கொஞ்சம் பச்ச ஓடுது. எதிர்க் கடையில சரியா இருக்கும்" என்றாய். அவர் நன்றி சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார். அப்போதே நம்மிடம் வேலையில் இருந்த தேவகி, அந்தச் சைதாப்பேட்டைக்காரி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யக்கா, இந்தப் புள்ளய நிக்க வெச்சா நாம தலையில துண்டப் போட்டுக்கினு போவ வேண்டிதான்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் சாயங்காலம் அந்தத் துணியை வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். நீ சொன்னது சரி, அதில் பச்சை ஓடியது. அதற்கும் பல வருஷம் முன்னால், பள்ளிக்கூடத்தில் கிண்டிப் பூங்காவுக்குக் கூட்டிப் போனபோது எல்லாப் பிள்ளைகளும் மானைப் பார்க்க, நீ மட்டும் புல்லில் குப்புறப் படுத்துக் கிடந்தாய் என்று டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். திட்டத்தான் வந்தேன். சட்டையெல்லாம் மண்ணோடு நின்றுகொண்டு, "அங்க இத்துனூண்டு பூ ஒண்ணு இருக்கும்மா" என்று சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாய். திட்ட மறந்து நானும் எங்கே என்று கேட்டேன்.

போன பங்குனியில் நீ ஊருக்கு வந்தபோது இரண்டு தட்டுகளில் அந்தக் கிழங்குகளைக் கொண்டுவந்தாய். உன் நாற்றங்காலில் பெருக்கியவை. நான்தான் நச்சரித்துக் கேட்டிருந்தேன். "தரேன், ஆனா மெட்ராஸ்ல பூக்காதும்மா, இலை வந்தாலே பெருசு" என்றாய். யாரிடம் சொல்கிறாய். பூக்காது என்று நீ சொல்லாமல் இருந்திருந்தால் நான் ஒருவேளை மறந்துகூடப் போயிருப்பேன். "இப்ப தூங்குது. தண்ணி மட்டும் காட்டாத" என்பது ஒன்றுதான் நீ போட்ட சட்டம். அந்த ஒன்றைத்தான் நம்மால் காப்பாற்ற முடியவில்லை. காய்ந்து கிடக்கிற தொட்டியைப் பார்த்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா. உன் அப்பா பார்க்கில் நடந்துவிட்டு வந்ததும் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு சொம்பு ஊற்றுவார். கீழ் வீட்டு மாமி, "பாவம், வாடிண்டு கெடக்கு. எங்காத்துல அரிசி களைஞ்ச ஜலம் வீணாத்தானே போறது" என்று படியேறி வந்து தினமும் ஊற்றினார். நான் மட்டும் யோக்கியமா. காபி வடிகட்டிய சக்கை, வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், புளித்த மோர் என்று குழந்தை பெற்றவளுக்குப் பத்தியம் பார்ப்பது மாதிரி பார்த்துப் பார்த்துப் போட்டேன். சித்திரை வெயிலில் ஒரு நாள் வாடை வந்தது. கிளறிப் பார்த்தால் ஒரு தட்டு முழுக்கக் கிழங்குகள் குழைய வெந்த சேப்பங்கிழங்காய்க் கிடந்தன.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், அடுத்த கரண்டியைப் போட்டுக்கொண்டே. உனக்கும் ஒரு நாள் குடும்பம் வரும், பிள்ளைகள் வரும். நம் வீட்டு ஆட்களுக்கு அன்பு என்றால் எதையாவது ஊற்றுவது, எதையாவது ஊட்டுவது. வேண்டாம் என்கிறவர்களை விட்டுவிடுவதும் அன்புதான் என்று இந்தக் கிழங்குகளை அழுகவிட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன். நீ அந்தச் செலவில்லாமல் தெரிந்துகொள்.

மிச்சமிருந்த தட்டை அன்றைக்கே வீட்டிலிருந்து கடத்தினேன். கடையில் லைனிங் துணி அடுக்குகிற உள்ளறை, ஏசி ஓடுகிற இடம், இருட்டு, ஈரமில்லை. கிழங்குகளைக் காய்ந்த மணலோடு மல் துணியில் கட்டி, மேல் தட்டில் வைத்தேன். "இன்னாக்கா இது, இஞ்சியா?" என்று கேட்டாள் தேவகி. "தொடாத, தூங்குது" என்றேன். "தூங்கட்டும், நான் சவுண்டு வுடல" என்றாள். ஆடித் தள்ளுபடியில் ரங்கநாதன் தெருவே நம் கடைக்குள் புகுந்தது போல இருந்ததே, அந்தக் கூச்சலிலும் அது தூங்கியது.

அதே மாதங்களில்தான் உன் மலையில் எல்லாம் போனது. விடாத மழையில் சாலையோரம் சரிந்து, அந்தப் பாறை மண்ணோடு பள்ளத்துக்குப் போய்விட்டது. நாற்றங்கால் இருக்கிறதே என்று நீ மனதைத் தேற்றிக்கொண்ட வாரத்திலேயே, மழையில் இற்றுப்போன வேலியை முட்டிக்கொண்டு காட்டுப்பன்றிகள் வந்து, மண்ணைக் கிளறி, ஒரு கிழங்கு விடாமல் தின்றுவிட்டன. "அம்மா, உன் கடையில தூங்குதே, அது மட்டுந்தான் மிச்சம்" என்றாய். உடனே அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்றாய். வேலி திரும்பப் போடுவதற்குள் மழை முடிந்துவிடும், இந்த வருஷம் முழுக்க எழுப்பாமல் விட்டால் கிழங்கு சுருங்கிச் செத்துவிடும், எப்படிப் பார்த்தாலும் முடிந்தது கதை என்றாய். நான் கல்லாவில் உட்கார்ந்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டி பஜார் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. "ஒங்க ஊருக்கு ஆனி ஆடியில மழை. எங்க ஊருக்கு ஐப்பசி கார்த்திகையிலதான" என்றேன். "கெழங்குக்குக் காலண்டரா தெரியும்? தண்ணி பட்டா முழிக்கப் போவுது" என்றேன். "சூடும்மா" என்றாய். "ஐப்பசியில சூடு தணியும். எடத்த நான் பாக்கேன், வழிய நீ சொல்லு" என்றேன். முப்பது வருஷமாகச் சென்னையில் இருந்தும் கோபம் வந்தால் எனக்குத் திருநெல்வேலிதான் வருகிறது.

அப்புறம் நீ சொன்னாய், நான் செய்தேன். நம் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்பக்கம், இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சந்து இருக்கிறதே, வெயில் நேராக விழாத இடம், எல்லா வீட்டு ஏசிப் பெட்டியும் சொட்டிச் சொட்டிச் சுவரில் தானாகப் பாசி பிடித்திருக்கிற இடம். வீடு வாங்கிய நாளிலிருந்து உன் அப்பா அந்தப் பாசியைச் சுரண்டச் சொல்லிச் சண்டை போடுவார். அங்கேதான் என்று முடிவு செய்தேன். சமையல் மேடை மாற்றியபோது மிஞ்சிய கடப்பைக் கல்லைச் சாய்த்து வைக்கப் போனேன். "கடப்ப வேணாம்மா, அது சுண்ணாம்புக் கல்லு, இதுக்கு ஆகாது. கிரானைட்ட சொரசொரப்பான பக்கம் வெளிய தெரியற மாதிரி வை" என்றாய். தண்ணீர் தேங்கக் கூடாது, ஓட வேண்டும், அதனால் சரிவாக. கல் பொடி, மக்கிய இலை, பாசி, அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூட எருவில்லை. மந்தைவெளி போர்வெல் தண்ணீரில் குழாயே வெள்ளை பூத்துக் கிடக்கிறது, அது கூடாது என்றாய். மழை பெய்யாத நாளுக்காகக் கடை ஏசித் தண்ணீரைக் கேனில் பிடித்து ஆட்டோவில் கொண்டுவந்தேன். "இன்னாமா கேன்ல, பெட்ரோலா?" என்று பயந்துவிட்டார் ஆட்டோக்காரர். "ஏசித் தண்ணி" என்றேன். அதற்குப் பிறகு மந்தைவெளி வரைக்கும் என்னைக் கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஐப்பசி முதல் மழைக்குக் கிழங்குகளைக் கல்லில் பதித்தேன். நாட்கள் போயின. ஒன்றுமில்லை. உன் அப்பா, "செத்ததக் கட்டிக்கிட்டு அழாத" என்றார். பிறகு ஒரு காலை, கல்லில் பச்சைப் புள்ளி. நகத்தால் கிள்ளிப் போட்ட வெற்றிலை மாதிரி ஓர் இலை. நான் போட்ட சத்தத்தில் மாமி பயந்து வெளியே ஓடிவந்தார். நாலைந்து நாளில் கல் முழுக்க அங்கங்கே இலைகள். உடனே புயல் வந்தது. நம் ஊர் மழை உன் ஊர் மழை மாதிரி தூறாது, கல்லெறிகிற மாதிரி அடிக்கும். இலை கிழிந்துவிடுமே என்று பதைத்து, கடையிலிருந்து வாயில் என்கிற மெல்லிய பருத்தித் துணியை எடுத்துவந்து, சந்தின் குறுக்கே கொடிக் கயிற்றில் பந்தலாகக் கட்டினேன். மேலே அடிக்கிற மழை துணியில் பட்டு, கீழே தூறலாக இறங்கியது. காற்றில் ஒரு முனை பிய்த்துக்கொண்டபோது, செத்தது என்று சொன்ன உன் அப்பாதான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, புயல் தணியும் வரைக்கும் அந்த முனையைக் கையில் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். அந்த மனுஷரைக் கட்டிக்கொண்டதற்கு நான் பெருமைப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று.

அந்தப் புயல் வாரம் முடிந்த பிறகுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய். இலை வந்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். "இலை வரும்மா. பூவும் விதையும்தான் வராது. ஒரு கல்லுல நாலு இலைய வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்ணுவேன்" என்றாய். சரி, பூவும் விதையும் வந்தால் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மார்கழி பிறந்தது. விடியலில் மாடவீதியில் பஜனை போகிற நேரம், தெருவில் கோலம் போட்டுவிட்டுப் பின்பக்கம் போனால், இலை நடுவில் ஒரு காம்பு. அதன் நுனியில் அரிசி மாதிரி ஒரு மொட்டு. அடுத்த வாரம் பூத்தது, ராசா. மந்தைவெளியில், ஏசிப் பெட்டிகளுக்குக் கீழே, உன் வெள்ளைக் கீற்றோடு பூத்தது. நான் அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அழுது முடித்ததும் கடைக்குப் போய் லைனிங் ஷேடு கார்டை எடுத்துவந்து பூவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆனியன் பிங்க் இல்லை, ராணி பிங்க் இல்லை, மஜந்தாவும் இல்லை. தி. நகரில் எந்தப் புடவை வந்தாலும் மேட்ச் கொடுக்கிற எனக்கு அந்தப் பூவுக்கு மேட்ச் கிடைக்கவில்லை. கச்சேரிக்குக் கிளம்பிய மாமி நின்று பார்த்துவிட்டு, "அடி அம்மா, சொப்பு மாதிரின்னா இருக்கு. இதுக்கு என்ன போட்டேள்?" என்று கேட்டார். "ஒண்ணுமே போடல மாமி, அதான் போட்டது" என்றேன்.

மீதி உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்வேன். இந்தப் பூவுக்கு மகரந்தம் சுமக்கிற பூச்சி இங்கே இல்லை, நாம்தான் செய்ய வேண்டும் என்றாய். புதிதாக விரிந்த பூவில்தான் மகரந்தம் இருக்கும், அது உதிர்ந்த பழைய பூதான் வாங்கிக்கொள்ளும், புதியதிலிருந்து பழையதற்கு வை என்றாய். என் கண்ணில் புரை, எனக்குத் தெரியவில்லை. தேவகியைக் கூட்டிவந்தேன். எம்பிராய்டரி பட்டு நூலின் நுனியைப் பிரித்துக்கொண்டு அவள் கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். நீ போனில் சொல்லச் சொல்ல, "மூச்சு வுடாதீங்க தம்பி, ஆடுது" என்று உன்னையே அதட்டினாள். காய் பிடித்தது. காசித்தும்பைக் காய் பழுத்தால் தொட்டதும் வெடிக்கும் என்று இந்த ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். அதனால் காய் பச்சையாக இருக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் மல் துணியில் மூக்குத்தி டப்பா அளவுக்கு ஒரு பை தைத்து, வாயில் நூல் கோத்து மாட்டிவிட்டேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ அளவில் தைக்கத் துணி கிழித்துக் கொடுத்திருக்கிறேன், இவ்வளவு சின்ன உடம்புக்கு நானே தைத்தது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு பையாக உள்ளுக்குள் வெடித்தது. ஒரு விதை வெளியே போகவில்லை.

ஆகவே இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் கடைக்கு வருகிறேன் என்றாய். கல்லைச் சரித்து வை என்றது நீ. சுண்ணாம்புக் கல் கூடாது என்றது நீ. எரு போடாதே, போர்த் தண்ணீர் ஊற்றாதே, இந்தப் பூவிலிருந்து அந்தப் பூவுக்கு வை என்றதெல்லாம் நீ. ஐப்பசி மட்டும் என்னுடையது, அதை யாருக்கும் விட்டுத் தர மாட்டேன். உன் படிப்பு கடற்கரை ஊரில் ஒரு சந்துக்குள் பூத்துக் காய்த்திருக்கிறது. அதைக் கற்றவன் வந்து என் கடையில் கஜம் அளந்து என்ன செய்யப் போகிறாய், வருகிறவர்களையெல்லாம் எதிர்க் கடைக்கு அனுப்பப் போகிறாயா.

ஆனி மழைக்குள் நல்ல பாறையாகப் பார்த்து வை, ஒன்றல்ல, ஒன்றுக்கொன்று தூரமான சில பாறைகள். வேலிக்கு மரம் வேண்டாம், கல் கட்டு. பாதிக் கிழங்குகள் மறுபடி கடை உள்ளறையில் தூங்கப் போய்விட்டன, மீதியை வைகாசியில் நானும் அப்பாவும் கொண்டுவருகிறோம். தேவகியும் வருவாளாம், அவள் நூல் நுனியால் பிறந்த பிள்ளைகள் குடியேறப் போகிற பாறையைப் பார்க்க வேண்டுமாம். இங்கே என் கல்லும் சந்தும் அப்படியே இருக்கும். உன் அப்பா இப்போதெல்லாம் அந்தப் பாசியை யாரும் சுரண்டிவிடாமல் காவல் காக்கிறார்.

கடையைப் பற்றிக் கவலைப்படாதே. நேற்று தேவகியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டேன், போர்டையும் மாற்றச் சொல்லிவிட்டேன். ஏணியில் நின்றுகொண்டு என் பெயரையும் அவள் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தவர், "இன்னும் கொஞ்சம் எடம் கீதும்மா. தம்பி பேருக்கு வுட்டு வெக்கட்டா?" என்று கேட்டார். "வேண்டாம், பெருசாவே எழுதுங்க, அவன் வர மாட்டான்" என்றேன். என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் சொன்னதில்லை.

உன் அம்மா